ஃபர்ஸ்ட் லுக் ‘காப்பி’ சர்ச்சைகளும் ஓர் இளம் டிசைனரின் வேலைமுறையும்

ஒரு தமிழ்ப் படத்தின் ஃபர்ஸ்ட் லுக் வெளியான சில மணி நேரத்துக்குள், அதன் பக்கத்தில் ஏதாவது ஒரு ஹாலிவுட் அல்லது கொரியப் படத்தின் போஸ்டரை வைத்து யாராவது பகிர்வது வாடிக்கையாகிவிட்டது. உடனே இரண்டு அணிகள் பிரிகின்றன. ஓர் அணிக்கு அது அப்பட்டமான திருட்டு; மற்றதற்கோ, இன்ஸ்பிரேஷன் இல்லாத கலைஞன் உலகத்தில் எவனும் இல்லை. இரண்டு தரப்பும் அச்சாகி வந்த படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுகின்றன. வடிவமைப்பாளர் எந்தத் தேவையோடு அந்த மூலத்தைத் தேடிப் போனார், அதிலிருந்து எதை எடுத்தார், எதை விட்டார், எடுத்ததை எந்த வேலைக்குப் பயன்படுத்தினார் என்ற கேள்விகளுக்குள் எவரும் போவதில்லை. விடை இருப்பது அங்கேதான்.

இதைப் பொதுப்படையாகப் பேசினால் பிடி கிடைக்காது. மூலங்கள் அனைத்தும் வெளிப்படையாகத் தெரிந்த ஒரு டிசைனரை எடுத்துக்கொண்டு, அவர் வளர்ந்துகொண்டிருந்த காலத்து வேலைகளை வரிசையாகப் பார்ப்பது பயனுள்ளது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த பீட்டர் சாவில் இதற்குப் பொருத்தமானவர். 1955-இல் பிறந்த அவர், 1978-இல் கல்லூரியை முடிக்கும் தறுவாயில் வேலையைத் தொடங்கி, 1983-க்குள் இசைத்தட்டு உறை என்ற பொருளைப் பற்றிய எண்ணத்தையே மாற்றினார். அவர் இரவல் வாங்கியவற்றில் சில அபாரமானவை. ஒன்றிரண்டு நகலுக்கு மிக அருகில் நிற்பவை. ஒரே கையிலிருந்து இரண்டும் வந்திருப்பதால், எது எங்கே பிரிகிறது என்பதை அவரிடம் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

முதலில் சில சொற்கள்

இந்தத் துறையில் தினமும் புழங்கும் சில சொற்களின் பொருளை வரையறுத்துக்கொண்டால் மேலே போவது எளிது.

1. பிரீஃப்: வாடிக்கையாளர் தரும் வேலைக் குறிப்பு. என்ன சொல்ல வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், எந்த அளவில், எந்தத் தேதிக்குள் என்பவை இதில் அடங்கும்.

2. ரெஃபரன்ஸ்: வேலையைத் தொடங்குமுன் டிசைனர் சேர்த்து வைத்துக்கொள்ளும் படங்கள், எழுத்துருக்கள், நிறங்கள், பழைய அச்சுப் பொருள்கள். இவற்றை ஒரே பலகையில் ஒட்டி வைப்பதை மூட் போர்டு என்கிறார்கள்.

3. லேஅவுட்: படமும் எழுத்தும் வெற்றிடமும் தாளில் எங்கெங்கே, எந்த விகிதத்தில் அமைய வேண்டும் என்ற ஏற்பாடு. இரண்டு போஸ்டர்கள் ‘ஒன்று போலவே இருக்கின்றன’ என்று பார்ப்பவர் உணர்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். படங்கள் வேறாக இருந்தாலும் லேஅவுட் ஒன்றாக இருந்தால் கண் உடனே பிடித்துவிடும்.

4. தாக்கம், மேற்கோள், நகல்: பிறர் வேலையிலிருந்து ஒரு சிந்தனை முறையைக் கற்றுக்கொண்டு அதை வேறு பொருளுக்குப் பயன்படுத்துவது தாக்கம். பார்ப்பவருக்கு மூலம் தெரிய வேண்டும் என்றே எடுத்தாள்வது மேற்கோள். மூலம் தெரியாமல் இருந்தால்தான் தப்பிக்க முடியும் என்ற நிலையில் எடுத்தாள்வது நகல். இந்த மூன்றாவது வரையறை சட்டத்தினுடையது அன்று. தொழிலுக்குள் இருப்பவர்கள் ஒருவரையொருவர் மதிப்பிடும்போது பயன்படுத்தும் அளவுகோல் இது.

மான்செஸ்டர், 1978

சாவில் மான்செஸ்டர் பாலிடெக்னிக்கில் 1975 முதல் 1978 வரை வரைகலை வடிவமைப்பு படித்தார். பள்ளிக் காலம் முதலே நண்பரான மால்கம் காரட்டும் அங்கேயே படித்தார். காரட் ஒரு படி முன்னால் இருந்தார். படிக்கும்போதே, 1977-இல், பஸ்காக்ஸ் என்ற பங்க் இசைக் குழுவுக்கு உறை வடிவமைத்துப் பெயர் வாங்கியிருந்தார். ஓர் இளம் கலைஞனை நகர்த்துவதில் ஆசிரியரைவிடப் பக்கத்து மேசை நண்பனின் முதல் அச்சான வேலைக்கு வலிமை அதிகம் என்பதைக் கலைக் கல்லூரிகளில் படித்த எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

காரட்டின் வழியாகச் சாவிலின் கைக்கு வந்தது, நவீன அச்சு வடிவமைப்பின் முன்னோடிகளைப் பற்றி ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1969-இல் வெளியிட்ட தொகுப்பு நூல். அதில் சாவிலைப் பிடித்து நிறுத்தியது யான் சிகோல்ட் என்ற ஜெர்மானியரைப் பற்றிய பகுதி. பங்க் இசையின் வழக்கமான தோற்றம் அப்போது கிழிந்த தாள், வெட்டி ஒட்டிய செய்தித்தாள் எழுத்து, கையெழுத்துக் கிறுக்கல் என்று இருந்தது. நண்பர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய, கணக்காக அளந்து கோடு போட்ட பக்கங்களில் சாவில் தனக்கான வழியைக் கண்டார்.

சிகோல்ட் யார், அவரிடம் எடுத்துக்கொள்ள என்ன இருந்தது

சிகோல்ட் 1902-இல் லைப்சிக் நகரில் ஒரு பெயர்ப்பலகை ஓவியரின் மகனாகப் பிறந்தார். 1923-இல் வைமாரில் நடந்த, பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியின் கண்காட்சியைப் பார்த்தது அவருடைய திருப்புமுனை. அதன் பிறகு ரஷ்யக் கட்டமைப்புவாதிகளின் மேல் கொண்ட ஈடுபாட்டால் தன் பெயரையே சில காலம் ‘இவான்’ என்று மாற்றிப் போட்டுக்கொண்டார். இருபத்தொரு வயதில் தாக்கம் என்பது அப்படித்தான் பிடிக்கும். கையெழுத்து வரை ஏறிவிடும். 1925-இல் ஓர் அச்சுத் தொழில் இதழின் சிறப்பிதழிலும், 1928-இல் புதிய அச்சு வடிவமைப்பைப் பற்றிய தன் நூலிலும் அவர் முன்வைத்த கொள்கை, பக்கத்தின் நடுவில் எல்லாவற்றையும் அடுக்கி வைக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, செய்தியின் முக்கியத்துவத்துக்கு ஏற்ப எழுத்தின் அளவையும் இடத்தையும் தீர்மானிக்க வேண்டும் என்பது. முனையில் அலங்காரக் கொக்கிகள் இல்லாத எழுத்துரு, சமச்சீர் இல்லாத அமைப்பு, அளந்து விட்ட வெற்றிடம் ஆகியவை அதன் கருவிகள்.

சினிமா போஸ்டர் பற்றிப் பேசுவோர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி: இந்தக் கொள்கையைச் சிகோல்ட் சோதித்துப் பார்த்த இடங்களில் முக்கியமானது ஒரு திரையரங்கு. மியூனிக் நகரின் ஃபீபஸ்-பலாஸ்ட் திரையரங்குக்காக 1927-இல் அவர் செய்த போஸ்டர்களில் நடிகர்களின் படம் சிறிய வட்டத்துக்குள்ளோ ஒரு மூலையிலோ ஒதுங்கியிருக்கும். சாய்ந்த கோடுகளும் எழுத்துகளும் தாளை ஆளும்.

1933-இல் நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள். விடுதலையானதும் சுவிட்சர்லாந்துக்குப் போனார். பிறகு தன் இளமைக் கொள்கையின் கண்டிப்பைத் தானே மறுத்து, மரபான நடு அமைப்புக்குத் திரும்பி, 1947 முதல் 1949 வரை இங்கிலாந்தில் பெங்குவின் புத்தகங்களுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தார். நான்கே பக்கங்களில் அவர் எழுதிக் கொடுத்த விதிகளை அச்சுக்கூடங்கள் பின்பற்ற வேண்டியிருந்தது. ஆக, சிகோல்டிடமிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு வெவ்வேறு ஆள்கள் இருந்தார்கள்: புரட்சிக்காரர் ஒருவர், மரபுக்காரர் ஒருவர். சாவிலின் தொடக்க வேலைகளில் முதலாமவரையும், 1980-க்குப் பின் இரண்டாமவரையும் காண முடிகிறது.

முதல் வேலை: ஒரு மஞ்சள் போஸ்டர்

1978-இல் மான்செஸ்டரின் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டோனி வில்சன், ரஸ்ஸல் கிளப் என்ற இடத்தில் ‘தி ஃபேக்டரி’ என்ற பெயரில் இசை நிகழ்ச்சிகளை நடத்தத் திட்டமிட்டார். பாடகி பேட்டி ஸ்மித்தின் ஒரு கச்சேரியில் சாவில் அவரைத் தேடிப் போய் வேலை கேட்டார். அடுத்த சந்திப்பில் சிகோல்டின் வேலைகளைக் காட்டி, தனக்குப் பிடித்தது இது என்றார். தன் சொந்த வேலை என்று காட்ட அவரிடம் அதிகம் இருக்கவில்லை. ரசனையை முன்வைத்து வாங்கிய வேலை அது.

அந்தப் போஸ்டரை நெருங்கிப் பார்த்தால் அவருடைய பிற்கால வேலைமுறை முழுவதும் அதிலேயே இருப்பது தெரியும். தாள் மஞ்சள், எழுத்தும் கோடும் கறுப்பு. தொழிற்சாலை எச்சரிக்கைப் பலகைகளின் அதே இரண்டு நிறங்கள். காதுக்கவசம் அணிந்த ஒரு தலையின் குறியீடும், செவிப் பாதுகாப்பைப் பயன்படுத்துமாறு சொல்லும் வாசகமும் அதில் உள்ளன. அது அவர் வரைந்தது அன்று. கல்லூரிப் பட்டறைக் கதவில் இருந்த எச்சரிக்கைப் பலகையைக் கழற்றி வந்து அப்படியே பயன்படுத்தினார். மே, ஜூன் மாதத்து நிகழ்ச்சித் தேதிகளும் குழுக்களின் பெயர்களும் சிகோல்ட் பாணியில் வரிசைப்பட்டிருக்கின்றன.

இதில் இரண்டு இரவல்கள் இருக்கின்றன. அமைப்பு சிகோல்டுடையது; குறியீடு எவரோ ஒரு பாதுகாப்புத் துறைக்காரருடையது. இருந்தும் இந்தப் போஸ்டரைப் பார்த்து ‘காப்பி’ என்று யாரும் சொல்லவில்லை. காதைக் காப்பாற்றிக்கொள் என்ற உத்தரவு, காதைக் கிழிக்கும் இசைக்கான அழைப்பாக மாறிவிட்டது. தொழிற்சாலை என்ற பெயரும் தொழில் நகரமான மான்செஸ்டரும் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. எடுத்த பொருள் பழைய வேலையைவிட்டுப் புதிய வேலையில் சேர்ந்துவிட்டது.

போஸ்டர் விளம்பரத்துக்கு உதவும் நேரத்துக்குள் வந்து சேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே ஆண்டு வில்சனும் அலன் எராஸ்மஸும் ஃபேக்டரி ரெகார்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியபோது, தங்கள் வெளியீடுகள் அனைத்துக்கும் வரிசை எண் கொடுத்தார்கள். முதல் எண், எந்த இசைத்தட்டுக்கும் கொடுக்கப்படாமல், தாமதமாக வந்த இந்தப் போஸ்டருக்குப் போயிற்று. சாவில் அந்த நிறுவனத்தின் பங்காளிகளில் ஒருவரானார்.

அவர் வேலை செய்த விதம்

1978 முதல் 1983 வரையிலான வேலைகளை வைத்துப் பார்த்தால் கீழ்க்காணும் பழக்கங்கள் தெரிகின்றன. இவை எல்லாம் நல்ல பழக்கங்கள் என்று சொல்ல முடியாது.

1. பென்சிலை எடுப்பதற்கு முன் மூலத்தைத் தேடுவது. சாவில் ஓவியராகப் பேர் வாங்கியவர் அல்லர். ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் அவர் வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. அருங்காட்சியக அஞ்சலட்டை, எச்சரிக்கைப் பலகை, கணினித் தகடு என்று எதுவும் மூலமாகலாம்.

2. நீக்குவது. 1979-இல் வந்த ஜாய் டிவிஷன் குழுவின் ‘அன்னோன் பிளெஷர்ஸ்’ இசைத்தட்டின் முகப்பில் குழுவின் பெயரும் இல்லை, தட்டின் பெயரும் இல்லை. கடையில் விற்க வேண்டிய ஒரு பொருளுக்கு இது பெரும் துணிச்சல்.

3. அச்சுத் தொழிலின் வரம்பையே வடிவமைப்பாக்குவது. ஓஎம்டி குழுவின் ‘எலக்ட்ரிசிட்டி’ தட்டுக்காக 1979-இல் கறுப்பு அட்டையின் மேல் கறுப்பு மையையே வெப்பத்தால் புடைக்கச் செய்து அச்சிட்டார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரியும். மை, அட்டை, அட்டையை வடிவமாக வெட்டும் டை கட்டிங் ஆகியவை பிரஸ்காரர் பார்த்துக்கொள்ள வேண்டியவை என்று ஒதுக்கிவிடாமல், அங்கேயே யோசனையைத் தொடங்கியிருக்கிறார். அது லெட்ராசெட் எழுத்தைத் தேய்த்து ஒட்டி, எழுத்துக் கோக்கும் வேலையை வெளியே கொடுத்து வாங்கி, அட்டையில் வெட்டி ஒட்டி, நிறங்களைக் குறிப்பாக எழுதி அச்சுக்கு அனுப்பிய காலம். முடிவான தோற்றத்தை அச்சாகி வந்த பிறகுதான் பார்க்க முடியும் என்பதால், மனத்துக்குள்ளேயே அச்சிட்டுப் பார்க்கும் பயிற்சி தேவைப்பட்டது.

4. தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரோடு செய்வது. கணினித் தகட்டைப் போன்ற உறைகளில் பிரெட் விக்கன்ஸ் உடன் வேலை செய்தார். உள்ளக வடிவமைப்பாளர் பென் கெல்லியோடும் சேர்ந்து செய்திருக்கிறார்.

5. தாமதம். இது அவரைப் பற்றிய எல்லாப் பேச்சிலும் வரும் செய்தி. இசை தயாராகியும் உறை தயாராகாத நிலை ஃபேக்டரியில் சகஜம். மேதையின் அடையாளமாக இதை ரசிப்பவர்கள் இருக்கிறார்கள்; வேறெந்த நிறுவனமாக இருந்தாலும் இரண்டாவது தாமதத்திலேயே ஆள் மாறியிருப்பார்.

நான்கு உறைகள், நான்கு தூரங்கள்

தாக்கம் எது, நகல் எது என்று பிரிக்க உதவும் அளவுகோல், மூலம் பிறந்த இடத்துக்கும் அது புதிதாகப் பயன்படும் இடத்துக்கும் உள்ள தூரம். சாவிலின் நான்கு வேலைகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, ‘அன்னோன் பிளெஷர்ஸ்’. இன்று டி-ஷர்ட்டுகளில் உலகெங்கும் காணப்படும் அந்த மலைத்தொடர் போன்ற கோடுகள், உண்மையில் ஒரு விண்மீனின் துடிப்பு. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜாஸ்லின் பெல் கண்டறிந்த முதல் பல்சர், ஏறத்தாழ 1.337 வினாடிக்கு ஒரு முறை ரேடியோ துடிப்பை அனுப்புகிறது. அடுத்தடுத்த துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வரைந்த படம் ஹெரால்ட் கிராஃப்ட் என்ற ஆய்வாளரின் 1970-ஆம் ஆண்டு கார்னெல் பல்கலைக்கழக ஆய்வேட்டில் இருந்தது. தரவு போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து வந்தது. முன்னால் உள்ள கோட்டின் மேடு பின்னால் உள்ள கோட்டை மறைக்கும்படி நிரல் எழுதியவரும் கிராஃப்ட்தான். மலைத்தொடர் என்ற தோற்றமே அந்த முடிவால் வந்தது. படம் ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் மறுபடி வெளியாகி, அங்கிருந்து இசைக் குழுவினர் கண்ணில் பட்டு, சாவிலிடம் வந்தது. அவர் செய்தது மிகச் சில: வெள்ளைத் தாளில் கறுப்பாக இருந்த கோடுகளைக் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பினார், சிறிதாக்கி நடுவில் வைத்தார், சுற்றிலும் வெற்றிடம் விட்டார்.

கோடுகளை மட்டும் கணக்கில் எடுத்தால் இது நூற்றுக்கு நூறு நகல். ஆனால் அறிவியல் தரவாக இருந்த ஒன்று இருட்டில் கேட்கும் இசையின் முகமாக மாறிவிட்டது. அந்த மாற்றத்தைச் செய்தது, வைத்த இடமும் திருப்பிய நிறமும். தூரம் மிகப் பெரியது. ஒரு குறை உண்டு: கிராஃப்டுக்கு அப்போது இது தெரியாது. பிறகு தெரிந்ததும் கடைக்குப் போய்ப் பார்த்து, தான் வரைந்த படம் என்பதால் ஒரு பிரதி தன்னிடம் இருக்கட்டும் என்று தட்டைக் காசு கொடுத்து வாங்கி வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டதால் கேள்வி தீர்ந்துவிடாது.

இரண்டாவது, 1983-இல் வந்த நியூ ஆர்டர் குழுவின் ‘பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்’. முகப்பில் ஆன்றி ஃபான்டின்-லத்தூர் 1890-இல் வரைந்த ரோஜாக் கூடை ஓவியம். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள இந்த ஓவியத்தின் அஞ்சலட்டையை அங்கேயே வாங்கியதிலிருந்து யோசனை பிறந்தது. அதிகாரம், ஊழல், பொய் என்ற தலைப்புக்கு அழகான பூக்கள்; மேல் மூலையில், அச்சுக்கூடத்தின் நிறச் சோதனைக் கட்டங்களைப் போன்ற வண்ணச் சதுரங்கள். அவை வெறும் அலங்காரம் அல்ல. ஒவ்வொரு நிறமும் ஓர் எழுத்தைக் குறிக்கும், திறவுகோல் பின்னட்டையில் ஒரு வண்ணச் சக்கரமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஓவியத்தை ஒளிக்க எந்த முயற்சியும் இல்லை; இது மேற்கோள். பிரிட்டிஷ் அஞ்சல் துறை 2010-இல் இந்த உறையைத் தபால் தலையாக வெளியிட்டது.

மூன்றாவது, அதே ஆண்டு மார்ச்சில் வந்த ‘புளூ மண்டே’. குழுவின் ஸ்டூடியோவில் பார்த்த ஃப்ளாப்பி டிஸ்க்கின் வடிவத்தை உறையாக்கினார். நடுவிலும் ஓரத்திலும் உண்மையான துளைகள் வெட்டப்பட்டு, உள்ளிருக்கும் வெள்ளி நிற உறை அவற்றின் வழியே தெரியும். கணினியால் இசை செய்யத் தொடங்கிய ஒரு குழுவுக்கு அந்தத் தகட்டின் உருவமே பொருத்தமான விளக்கம். இங்கே மூலம் ஒரு கலைப்படைப்புகூட அன்று, ஒரு சாதனம். வெட்டு வேலைக்கு ஆன செலவு அதிகம் என்பதால் பிந்தைய பதிப்புகளில் துளைகள் காணாமல் போயின. பிரஸ்காரரின் ரசீது டிசைனைத் திருத்திய கதை எல்லா ஊரிலும் உண்டு.

நான்காவது, 1983-இன் இரண்டு உறைகளுக்கும் முன்பு, 1981-இல் வந்த நியூ ஆர்டரின் ‘மூவ்மென்ட்’. எதிர்காலவாதம் என்ற கலை இயக்கத்தைச் சேர்ந்த இத்தாலியர் ஃபோர்ச்சுனாட்டோ டெபெரோ 1932-இல் செய்த ஒரு வடிவமைப்பின் கோட்டு அமைப்பை ஏறக்குறைய முழுதாகவே எடுத்தது. சாவில் சேர்த்தது ஒரு குறும்பு: கோடுகளுக்குள் ஆங்கில எஃப், எல் எழுத்துகள் ஒளிந்திருக்கின்றன, எஃப் ஃபேக்டரிக்கு, எல் ரோம எண்ணில் ஐம்பதுக்கு, ஏனெனில் தட்டின் வரிசை எண் ஐம்பது. அறிந்தவர்களுக்கு ரசிக்கத்தக்க விளையாட்டு. ஆயினும், வரைகலை வடிவமைப்பு ஒன்றிலிருந்து வரைகலை வடிவமைப்பு ஒன்றுக்கே லேஅவுட்டை மாற்றியிருப்பதால், மூலத்துக்கும் பயனுக்கும் இடையே தூரம் இல்லை. இந்த நான்கில் நகல் என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வது கடினமாக இருப்பது இதற்குத்தான். சாவில் பிறகு அடுத்த துறையிலிருந்து எடுப்பதையே விரும்பினார் என்பதை இந்த வரிசையே காட்டுகிறது.

அவருக்குக் கிடைத்த சுதந்திரத்தின் விலை

பெயரே இல்லாத முகப்பைப் போட அனுமதித்த நிறுவனம் ஒன்று இருந்ததால்தான் இந்த வேலைகள் பிறந்தன. ஃபேக்டரியில் விற்பனைப் பிரிவு குறுக்கிடவில்லை, சாவிலே பங்காளி. அந்தச் சுதந்திரத்தை அந்த நிறுவனத்தால் கடைசி வரை தாங்க முடியவில்லை. 1992-இல் அது திவாலானது. காரணங்கள் பல, உறைகளின் செலவு அவற்றில் முதன்மையானது அன்று. என்றாலும், அவருடைய வேலைமுறையை இன்றைய இளம் டிசைனர் அப்படியே பின்பற்றலாம் என்று சொல்வோர் இந்தச் சூழலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ் போஸ்டர் மேசையில் நிலைமை

சினிமா போஸ்டர் செய்யும் இளைஞரின் பிரீஃப் முற்றிலும் வேறு. கதாநாயகனின் முகம் தெரிய வேண்டும். அதுவும் ரசிகர்கள் புரொஃபைல் படமாக வைத்துக்கொள்ளும் அளவுக்குத் தெரிய வேண்டும். பிறந்தநாளுக்கோ பொங்கலுக்கோ வெளியீட்டுத் தேதி முன்பே அறிவிக்கப்பட்டிருக்கும். தலைப்பு, தயாரிப்பு நிறுவனம், கீழே தொழில்நுட்பக் கலைஞர்களின் பெயர்ப்பட்டியல் எல்லாம் அடங்க வேண்டும். இத்தனைக்கும் மேல், ரெஃபரன்ஸைத் தேடுபவர் எப்போதும் டிசைனர் அல்லர். வெளிநாட்டு போஸ்டர் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘இதே ஃபீல் வேணும்’ என்று கேட்பது இந்தத் தொழிலில் மிகச் சாதாரணம். அப்போது மூலமும் சினிமா போஸ்டர், விளைவும் சினிமா போஸ்டர். தூரம் தொடக்கத்திலேயே அறுக்கப்பட்டுவிடுகிறது.

தேடல் தளங்களும் இதை மோசமாக்குகின்றன. ஒரே சொல்லைத் தட்டும் நூறு டிசைனர்களுக்கு ஒரே வகைப் படங்களே முன்னால் வந்து நிற்கின்றன. பிடித்திருக்கிறது என்று ஒன்றைச் சேமித்தால், அதைப் போன்ற இன்னும் இருபதை அந்தத் தளமே கொண்டுவந்து தருகிறது. இருவர் ஒருவரையொருவர் பார்க்காமலேயே ஒரே போஸ்டரைச் செய்துவிட இது போதும்.

நகல் தானாகவே உடைந்து போகும் ஓர் இடமும் உண்டு: தலைப்பு எழுத்து. நெடிய, குறுகிய ஆங்கில எழுத்துகளை அடுக்கிச் செய்த தலைப்பின் இடத்தில் தமிழை வைத்தால், ‘ணை’, ‘ழு’, ‘ஞ்சி’ போன்றவை அகலத்தைக் கேட்கும்; மேல் விலங்கும் கீழ்ச் சுழியும் வரி இடைவெளியைக் கேட்கும். எழுத்தை நசுக்கிப் பொருத்தினால் அது மூல போஸ்டரின் மேல் ஒட்டிய லேபிள் போலத் தெரியும். எழுத்துக்கு ஏற்ப லேஅவுட்டைத் திருத்தத் தொடங்கினால், அந்தத் திருத்தத்திலேயே போஸ்டர் மூலத்தைவிட்டு விலகத் தொடங்கிவிடும். நம் ஊர் டிசைனர்களில் நல்லவர்களை அடையாளம் காண முதலில் தலைப்பைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கலைப்படைப்புகளைப் படைப்பாளியின் ஆயுள் காலமும், அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் காக்கிறது. யோசனைக்குப் பாதுகாப்பு இல்லை; அந்த யோசனை வெளிப்பட்ட வடிவத்துக்கே பாதுகாப்பு. ஒரு நாடகத்துக்கும் ஒரு திரைப்படத்துக்கும் இடையிலான ஆர்.ஜி.ஆனந்த் எதிர் டீலக்ஸ் ஃபிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இல் இதைத் தெளிவாக்கியது: கருத்து, கதைக்கரு, வரலாற்று உண்மை ஆகியவற்றில் எவருக்கும் தனியுரிமை இல்லை, இரண்டையும் பார்த்த ஒருவருக்கு, பின்னால் வந்தது முன்னதன் நகல் என்ற ஐயமற்ற எண்ணம் எழுகிறதா என்பதே சோதனை. அந்தச் சோதனையில் திரைப்படத் தரப்பு தப்பியது.

இதன்படி, முதுகு காட்டி நிற்கும் நாயகன், எதிரே எரியும் நகரம் என்ற யோசனைக்கு எவரும் உரிமை கொண்டாட முடியாது. அதே கோணம், அதே விகிதம், அதே நிற ஒழுங்கு, அதே எழுத்தமைப்பு என்று வெளிப்பாடு முழுவதும் ஒன்றானால் பிரச்சினை தொடங்கும். சாவிலின் மூலங்களையும் இதில் பொருத்தலாம். ஃபான்டின்-லத்தூர் 1904-இல் இறந்தவர். அவருடைய ரோஜாக்களை அன்றைய நிலையில் யாரும் பயன்படுத்தலாம். டெபெரோ இறந்தது 1960-இல். 1981-இல் அவருடைய பாதுகாப்புக் காலம் முடிந்திருக்கவில்லை. கலை மதிப்பீட்டில் பலவீனமாகத் தெரிந்த அதே உறை சட்டக் கணக்கிலும் பலவீனமானது என்பது கவனிக்கத்தக்கது.

ஒப்பீட்டுப் படம் கண்ணில் பட்டால் கேட்க வேண்டியவை

1. மூலம் எந்தத் துறையிலிருந்து வந்தது? வானியல் நூலிலிருந்து வந்ததற்கும் போன வருடத்து சினிமா போஸ்டரிலிருந்து வந்ததற்கும் வேறுபாடு உண்டு.

2. எடுக்கப்பட்டது எது: யோசனையா, படமா, லேஅவுட்டா, எழுத்தா, அனைத்துமா?

3. எடுத்தது புதிய பொருளைச் சொல்கிறதா, பழையதையே திரும்பச் சொல்கிறதா? காதுக்கவசக் குறியீடு கச்சேரிக்கு அழைத்ததைப் போல ஏதாவது நடந்திருக்கிறதா?

4. மூலத்தைத் தெரிந்தவர் இதைப் பார்த்தால் கூடுதலாக ரசிப்பாரா, எரிச்சலடைவாரா?

5. ரெஃபரன்ஸைக் கொண்டுவந்தவர் யார்? இதற்குப் பதில் வெளியே இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. போஸ்டரின் கீழ் மூலையில் அச்சாவது டிசைனரின் பெயர். வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பியவரின் பெயர் அங்கே வராது. அதனால் வசவு முழுவதும் ஒரே ஆளின் தலையில் விழுகிறது.

இந்த ஐந்தாவது கேள்வியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்னும் சிக்கலாக்கிவிட்டன. ‘இன்ன படத்தின் போஸ்டரைப் போல’ என்று கட்டளை கொடுத்து வாங்கும் படத்தில் எந்தப் பகுதி எவருடைய வேலையிலிருந்து வந்தது என்று கட்டளை கொடுத்தவராலேயே சொல்ல முடியாது; மூலத்தை அறிந்தே எடுப்பது என்ற மேற்கோளின் அடிப்படையே அங்கே இல்லை. இந்தத் தொழிலில் அனுபவப்பட்டவர்கள் புதியவர்களுக்குச் சொல்வது, பிரீஃபை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் வாங்குவது, வாடிக்கையாளர் அனுப்பிய ரெஃபரன்ஸைத் தேதியோடு தனிக் கோப்புறையில் வைப்பது, தான் தேடிய மூலங்களைப் படத்தோடு மட்டும் சேமிக்காமல் எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு சேமிப்பது, ஆரம்பக் கோட்டுருவங்களை அழிக்காமல் விடுவது ஆகியவை. சர்ச்சை கிளம்பும் நாளில் ஓர் இளம் டிசைனரின் கையில் சான்றாக இருக்கக்கூடியவை இவை மட்டுமே.